இன்ஜின் மேல் வைத்த பெட்டி

செல்விக்கும் டேவிட்டுக்கும்,

முதலில் என் கையெழுத்துக்காக மன்னித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் பெட்டி மேல் ஊர்ப் பெயர் எழுதத்தான். அதையும் முடிந்தவரை மற்றவர்கள் தலையில் கட்டிவிடுவேன். எங்கே சின்ன ர வரும், எங்கே பெரிய ற வரும் என்பதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். சந்தேகம் வந்த சொல்லையெல்லாம் மகளிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன். இந்த முதல் பக்கத்தைக் கடைசியில்தான் எழுதுகிறேன்; போன வாரம் அவள் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாள். அதனால் பின்பக்கங்களில் பிழை கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

வேலை பழக்கிவிடச் சொல்லி மலரம்மா உங்கள் இரண்டு பேரையும் என் பக்கத்தில் உட்கார வைத்தார். பத்து நாளில் நான் பேசியது இருபது வார்த்தை இருக்காது. செல்வி ஒருநாள் பொறுக்க முடியாமல், "பெரிப்பா, நீங்க என்னா மௌன விரதமா?" என்று கேட்டாள். விரதமெல்லாம் இல்லை அம்மா. இரண்டு பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும், வாய் வராது. இப்போது வீட்டில் சும்மா இருக்கிறேன். சொல்லாமல் விட்டதை எழுதிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது.

நான் வேலையிலிருந்து நின்றதற்குக் காரணம் கண். அரிசி முனை அளவு இருக்கும் இறால் குஞ்சு இப்போது எனக்குத் தண்ணீரில் தெரிவதில்லை. உயிரைக் குத்துமதிப்பாக அள்ளிப் போட்டு அனுப்பக்கூடாது என்று நானாகவே நின்றுகொண்டேன். காலை ஏழு மணிக்கு மாடியேறி, தொட்டிகளில் காற்றுக்குமிழி வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, ரேடியோவைப் போட்டுவிட்டு, வலைக் கரண்டியை எடுக்கும் அந்த நேரம் இப்போது வந்தால் என்ன செய்வதென்றே தெரிவதில்லை. வாசலில் நின்று போகிற பஸ்ஸை எல்லாம் பார்க்கிறேன்.

பை கட்டுவது, முடிச்சுப் போடுவது இதெல்லாம் கையைப் பார்த்தே பழகிக்கொண்டீர்கள். அதை எழுதப் போவதில்லை. நான் தப்புச் செய்த இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

மலரம்மாவும் நானும் முன்பு ஒரே பீங்கான் கம்பெனியில் இருந்தோம். அவர் பொம்மைக்குக் கண் எழுதுவார். நான் வைக்கோல் வைத்துப் பெட்டி கட்டுவேன். அவர் என்னைவிடப் பதினாறு வயது சின்னவர். அப்போது "ஏ மலரு" என்று கூப்பிட்டவன், அவரிடமே வேலைக்கு வந்த பிறகு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் ஒரு மாதம் கூப்பிடாமலே இருந்தேன். பிறகு மலரம்மா என்று வைத்துக்கொண்டேன். அவர் இன்றைக்கும் அண்ணே என்றுதான் சொல்கிறார்.

கம்பெனியில் ஒரு சமயம் மீன் தொட்டிக்குள் போடுகிற சின்னச் சின்னக் குழாய் செய்தோம். இறால் ஒளிந்துகொள்வதற்காம். யார் வளர்க்கிற இறால், அது ஏன் ஒளிய வேண்டும் என்று விசாரிக்கப் போய்த்தான் மலரம்மா இந்தப் பைத்தியத்தில் விழுந்தார். கம்பெனியில் ஆளைக் குறைத்தபோது அவர் வீட்டு மாடியில் நான்கு தொட்டி இருந்தது. சிவப்பு இறால், நீல இறால், மஞ்சள் நத்தை. அழகுக்கு வளர்க்கிறவர்கள் ஊர் ஊராகக் கேட்கிறார்கள், கட்டி அனுப்ப ஆள் வேண்டும் என்றார். பீங்கானையே உடையாமல் அனுப்பினவனுக்கு இது என்ன பெரிய வேலை என்று நினைத்து வந்தேன்.

பீங்கான் கட்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கட்டி முடித்த பெட்டியைக் காதோடு வைத்து ஒரு குலுக்குக் குலுக்குவோம். உள்ளே டக்கென்று ஒரு சத்தம் வந்தால், "பொட்டி பேசுது" என்பார்கள். பேசுகிற பெட்டியைப் பிரித்து, வைக்கோலைத் திணித்து, மறுபடியும் கட்ட வேண்டும். நான் கட்டிய பெட்டி பேசியதே இல்லை. "ஆளும் பேச மாட்டான், அவன் கட்டுற பொட்டியும் பேசாது" என்று சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு அதில் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

மலரம்மாவிடம் நான் கட்டிய முதல் பெட்டி புதுச்சேரிக்குப் போனது. பத்து சிவப்பு இறால். மறுநாள் பத்தும் செத்துவிட்டது என்று போன் வந்தது. மலரம்மா கோபப்படவில்லை. "எப்புடிண்ணே கட்டுனீங்க, இன்னொண்ணு அதே மாதிரி கட்டிக் காட்டுங்க" என்றார்.

கட்டினேன். பையில் கழுத்து வரை தண்ணீர் நிரப்பினேன். மேலே இருந்த காற்றை ஒரு பொட்டுக்கூட இல்லாமல் பிழிந்து வெளியே விட்டேன். கல் மாதிரி இறுக்கிக் கட்டினேன். பெட்டிக்குள் வைத்துக் காதோடு சேர்த்துக் குலுக்கியும் காட்டினேன். ஒரு சத்தம் இல்லை.

"ஏண்ணே, காத்து எங்கண்ணே?"

"காத்த வுட்டா பேசுதும்மா."

"என்னாது பேசுது?"

"தண்ணி. களக் களக்குன்னு பேசுது. அதான் நெரப்பிட்டேன்."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு பார்த்தால் சிரிப்பு நின்றுவிட்டது, தண்ணீர் நிற்கவில்லை. "பத்து உசுருண்ணே. மூச்சு முட்டிச் செத்திருக்குது. நீங்க பொம்மைய அனுப்பலண்ணே" என்றார்.

பையில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு காற்று என்று உங்களுக்கு முதல் நாளே சொல்லிவிட்டார்கள். எனக்கு அதைப் பத்து உயிர் சொல்ல வேண்டியிருந்தது. கை பழகிய வழக்கம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் அது எந்தப் பொருளுக்காகப் பழகியது என்று ஒரு தடவை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்குப் பிறகு நான் பெட்டியைக் காதில் வைக்கும்போது உள்ளே தண்ணீர் மெல்லப் பேச வேண்டும் என்று காத்திருப்பேன்.

தண்ணீரைக் கற்றுக்கொண்டுவிட்டோம் என்று நினைத்தபோது நத்தை வந்தது. நத்தைக்குத் தண்ணீரே வேண்டாம், ஈரத் தாளில் சுற்றி அனுப்ப வேண்டும் என்றார் மலரம்மா. ஈரம் இருந்தால் அது ஓட்டின் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே தூங்கிவிடும். எனக்கு நம்பிக்கையே வரவில்லை. ஆனாலும் கட்டினேன். விழுப்புரத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். மலரம்மா குளிக்கப் போயிருந்தார். நான்தான் எடுக்க வேண்டியதாயிற்று.

"யோவ், நத்தை கேட்டா கூழாங்கல்ல அனுப்பியிருக்கியா? ஒண்ணுகூட அசையல!"

"இருங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் இருந்தார். நானும் இருந்தேன். மலரம்மா ஈரத் தலையோடு வந்து போனை வாங்கும்வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தோம். "தண்ணியில போட்டுட்டு உங்க வேலையப் பாருங்க சார். பொழுது சாயறதுக்குள்ள கதவத் தொறக்கும். செத்த நத்தை நாத்தத்துலயே சொல்லிடும், தூங்குற நத்தை நாறாது" என்று அவர் சொன்னார். சாயங்காலம் அந்த ஆளே கூப்பிட்டு, எட்டு நத்தையும் கண்ணாடியில் ஊர்கிறது என்றார். அன்று முழுவதும் மலரம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் "இருங்க" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும். பேச வேண்டிய இடத்தில் பேச வராத ஆளிடம் உயிரைக் கொடுத்து அனுப்புகிறோமே என்று அவரும் யோசித்திருக்க வேண்டும்.

இனி எழுதப் போவதுதான் நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம்.

மாடியில் வலது ஓரத் தொட்டியில் கரு நீலத்தில் இருக்கிறதே, மை தெளித்த மாதிரி, அந்த இறால் மலரம்மா மூன்று வருஷம் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தது. நிறம் வெளுத்ததைத் தனியே பிரித்து, அடர்த்தியானதை மட்டும் சேர்த்து, குஞ்சு பொரித்து, மறுபடியும் பிரித்து உண்டாக்கியது. வேறு யாரிடமும் அந்த நிறம் கிடையாது. ஒரு மழைக்காலத்தில் தெருவில் கொசுப் புகை அடித்தார்கள். காய்ச்சல் பரவிய நேரம், அடிக்கத்தான் வேண்டும். மலரம்மா கடைக்குப் போயிருந்தார். மாடி ஜன்னல் திறந்திருந்தது. கொசுவைக் கொல்கிற மருந்து இறாலையும் விடாது. அவர் திரும்பி வந்தபோது தொட்டிகளின் அடியில் எல்லாம் செத்துச் சிவந்து கிடந்தது. சமையலறையில் வைத்திருந்த ஒரு சின்னத் தொட்டியில் இருபத்திரண்டு நீல இறால் மட்டும் தப்பியது.

அடுத்த வாரம் மறுபடியும் புகை அடிக்கப் போவதாக ஆட்டோவில் சொல்லிக்கொண்டு போனார்கள். கும்பகோணத்தில் மலரம்மாவின் சிநேகிதி ஒரு டீச்சர் இருக்கிறார். மழை முடியும்வரை அந்த இருபத்திரண்டையும் அவர் வீட்டுத் தொட்டியில் வைப்பது என்று முடிவானது. மலரம்மாவுக்கு அன்று காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. நான் கட்டி பஸ்ஸில் போட்டுவிட வேண்டும்.

நன்றாகத்தான் கட்டினேன். பையின் மூலைகளை ரப்பர் பேண்டு போட்டு உருட்டிவிட்டேன், மூலையில் ஒதுங்கி நசுங்காமல் இருக்க. பிடித்துக்கொள்ளக் கொஞ்சம் பாசி போட்டேன். சுற்றிலும் தெர்மாகோல் வைத்தேன். "அண்ணே, மேல பெருசா எழுதிடுங்க. உயிருள்ளது, சூடு ஆவாதுன்னு" என்று படுக்கையிலிருந்தே சொன்னார்.

பேனாவை எடுத்தேன். உயிருள்ளது என்பதில் எந்த ள? சூடு என்று எழுதினால் போதுமா, வெயில் என்றும் எழுத வேண்டுமா? வெயிலா, வெய்யிலா? பஸ் ஸ்டாண்டில் காலேஜ் பிள்ளைகள் நிற்பார்கள், பெட்டியைப் படிப்பார்கள். மலரம்மாவிடம் போய்க் கேட்கவும் கூச்சம். பரணில் பழைய கம்பெனி அட்டைப்பெட்டி ஒன்று கிடந்தது. "பீங்கான். உடையும். கவனம்" என்று சிவப்பில் அழகாக அச்சடித்திருந்தது. கவனம் என்றால் எல்லாம் அதில் அடக்கம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லாவற்றையும் அதற்குள் வைத்து, கும்பகோணம் என்று மட்டும் எழுதினேன். அந்தச் சொல் எனக்குப் பிழையில்லாமல் வரும்.

பஸ் கிளம்புகிற நேரம். கண்டக்டர் எனக்குப் பழக்கமானவர். பல வருஷமாக நம் பெட்டிகளை ஏற்றிப் போனவர். அவர் பெயரை எழுதவில்லை.

"வாங்க பீங்கான்காரரே! என்னா, இன்னிக்குப் பழைய பொழப்புக்கே போயிட்டீங்களா? பொம்மையா?" என்று பெட்டியைப் படித்துவிட்டுக் கேட்டார். படிக்கட்டில் கூட்டம். எனக்குப் பின்னால் நான்கு பெண்கள் ஏற நின்றார்கள்.

"ம்" என்றேன்.

"ஒடையற சாமான்தான? கூட்டமா இருக்குது, கீழ வெச்சா ஒதச்சிடுவானுங்க. இன்ஜின் மேல வெச்சுக்கறேன். எவன் காலும் படாது. சரியா?"

சரி என்று தலையாட்டினேன்.

அவர் கெட்ட எண்ணத்தில் அப்படிச் சொல்லவில்லை. நம் ஊர் பஸ்ஸில் பீங்கானுக்கு அதுதான் ராஜ மரியாதை. டிரைவர் பக்கத்தில், கண் பார்வையில், இன்ஜின் மூடி மேல் வைப்பார்கள். சூளையில் வெந்து வந்ததை இன்ஜின் சூடு என்ன செய்யும்? ஆனால் என் பெட்டியில் இருந்தது வேறு. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் தலையாட்டினேன். உயிர் இருக்கிறது என்று சொன்னால், "என்ன உயிர்?" என்று பின்னால் நிற்கிறவர்கள் கேட்பார்கள். இறால் என்றால், "கொழம்புக்கா?" என்று யாராவது கேட்பார்கள். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த ஒரு நிமிஷத்துக்குப் பயந்து தலையாட்டினேன்.

பஸ் போய்விட்டது. நான் அதே இடத்தில் நின்றேன். கண்டக்டர் நம்பர் என்னிடம் இருந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். "ஐயா, அந்தப் பெட்டியைத் தயவுசெய்து வேறு இடத்தில் வையுங்கள்." சொல்லிப் பார்த்ததிலேயே பஸ் கருவேப்பிலங்குறிச்சி தாண்டியிருக்கும். பிறகு கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. டிக்கெட் போட்டுக்கொண்டிருப்பார், பாட்டுச் சத்தத்தில் கேட்டிருக்காது. ஜெயங்கொண்டத்தில் பஸ் நின்றபோதுதான் எடுத்தார்.

"சொல்லுங்க பீங்கான்காரரே."

சொல்லிப் பார்த்ததில் ஒரு வார்த்தையும் வரவில்லை. "உசுரு!" என்றேன்.

"என்னாது?"

"பொட்டியில... உசுருங்க. இறாலு. உள்ள உசுரோட இருக்குதுங்க."

"அடப்பாவி மனுசா! மூடி மேல கை வெக்க முடியல, அப்படிக் கொதிக்குது! வாயில என்னா, கொழுக்கட்டையா?" என்று கத்தினார். ஓடுவதும் பெட்டியை எடுப்பதும் கேட்டது. "எடுத்துட்டேன். அடிப்பக்கம் சுடுதுங்க. இருங்க, கடையில ஐஸ் தண்ணி பாட்டில் வாங்கி மேல அடுக்கிடறேன்."

"வேணாம்!" என்றேன். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. டீக்கடையில் ஒருவர் கிளாஸை வாயருகே வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "ஐஸு வேணாங்க! சூட்டுலேர்ந்து திடீர்னு குளிருக்குப் போனா மிச்சமும் செத்துடும். நெழல்ல வெய்யுங்க. சீட்டுக்கு அடியில. தானா ஆறட்டும். பொட்டியத் தொறக்காதீங்க. டீச்சரம்மாகிட்டயும் ஒடனே தண்ணியில வுட வேணாம்னு சொல்லுங்க. பைய அப்படியே தொட்டியில மெதக்க வுடச் சொல்லுங்க."

என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இத அங்கயே சொல்லியிருக்கலாமில்ல?" என்றார். போனை வைத்துவிட்டார்.

சாயங்காலம் டீச்சரம்மா போன் செய்தார். பதின்மூன்று செத்துவிட்டது. ஒன்பது உயிரோடு இருந்தது. மாடியில் இன்றைக்கு நீங்கள் எண்ணிக் கட்டுகிற கரு நீல இறால் அத்தனையும் அந்த ஒன்பதின் பிள்ளை பேரப்பிள்ளைகள்தான்.

மலரம்மா போர்வையைப் போர்த்திக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "எப்படிண்ணே ஆச்சு?" என்று கேட்டார்.

"கண்டக்டரு இன்ஜின் மேல வெச்சிட்டாருங்க" என்றேன்.

நான் சொன்னதில் பொய் எதுவும் கிடையாது. அதுதான் அதிலிருக்கிற கேவலம்.

காய்ச்சல் விட்ட மூன்றாம் நாள் மலரம்மா பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டார். கூட்டத்தின் நடுவில் அந்த மனிதரைப் பிடித்துக்கொண்டார். "இத்தினி வருசமா ஒங்கள நம்பித்தான குடுத்தேன்! உசுரக் கொண்டுபோயி இன்ஜின் மேலயா வெப்பீங்க? ஒங்க வூட்டுப் புள்ளைய வெப்பீங்களா?" கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன். தரையில் நசுங்கிய பேப்பர் கப் ஒன்று கிடந்தது. அதில் டீ கறை வட்டமாகக் காய்ந்திருந்தது. அவர் இன்னும் என்னைத்தான் பார்க்கிறார் என்று தெரிந்தது. பிறகு அவர் குரல் கேட்டது.

"தெரியாம வெச்சிட்டேம்மா. தப்புதான். மன்னிச்சிடுங்க."

அதற்குப் பிறகு மலரம்மா அந்த பஸ்ஸில் ஒரு பெட்டியும் போடவில்லை.

இரண்டு வாரம் கழித்து டீக்கடையில் நானே அவர் பக்கத்தில் போய் நின்றேன். வாயைத் திறப்பதற்குள் அவர் கையைக் காட்டித் தடுத்துவிட்டார். "வுடுங்க. நான் வாங்குன திட்டோட ஆறிடுச்சு. ஒண்ணு கேட்டுக்குங்க. காலையில தெக்க போற வண்டியில வெயிலு எடது பக்கம் அடிக்கும். வலது பக்கம், நடு சீட்டு, அடியில. அங்க வெக்கச் சொல்லுங்க. வெக்கிறவன் மூஞ்சியப் பாத்து, வாயத் தொறந்து சொல்லுங்க. எளுத்துல இருந்தா எல்லா நேரமும் நாங்க எங்க படிக்கிறோம்? கூட்டத்துல கண்ணு ஓடாது" என்றார். என் டீக்கும் அவரே காசு கொடுத்துவிட்டு ஓடிப்போய் பஸ் ஏறினார். செல்வி, பெட்டியை ஏன் எப்போதும் நடு சீட்டுக்கு அடியில் வைக்கச் சொல்கிறோம் என்று நீ கேட்டாய். அவர் சொல்லிக் கொடுத்தது அது. நான் கண்டுபிடித்ததாக மலரம்மா எல்லோரிடமும் சொல்வார். அதையும் நான் மறுத்ததில்லை.

உங்களிடம் எனக்குச் சொல்ல வேண்டியது இதுதான். நம் கையில் இருப்பவற்றுக்குச் சத்தம் கிடையாது. நாய்க்குட்டி என்றால் குரைக்கும், கோழி என்றால் கத்தும். இறால் கொதித்தாலும் சத்தமில்லாமல்தான் சாகும். அதற்காக வேறொருவர் பேச வேண்டும். கட்டுகிறவர்தான் பேச வேண்டும். கேட்கிறவர் சிரித்தால் சிரிக்கட்டும், குழம்புக்கா என்று கேட்டால் கேட்கட்டும். பிழையாக எழுதினாலும் எழுதுங்கள். எழுதிவிட்டு வாயாலும் சொல்லுங்கள். சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று பார்த்துவிட்டுப் படிக்கட்டிலிருந்து இறங்குங்கள்.

மலரம்மா, இதை உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். கண்டக்டர் என்னைக் கேட்டுவிட்டுத்தான் வைத்தார். நான் தலையாட்டினேன். இத்தனை வருஷம் உங்கள் எதிரில் உட்கார்ந்து பை கட்டியும் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பதின்மூன்றும் என் கணக்கு.

அவர் இப்போது பஸ்ஸில் இல்லை. ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார் என்று ஒரு டிரைவர் சொன்னார். எந்தத் தெரு, எந்த வீடு என்று அந்த டிரைவருக்கும் தெரியவில்லை. இந்தத் தாளை இன்றைக்கே மலரம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். அவர் படித்த பிறகு உங்கள் கைக்கு வரும். நாளைக் காலையில் ஸ்ரீமுஷ்ணம் பஸ் ஏறுகிறேன். இறங்கி, நான்கு பேரிடம் விசாரித்துப் போக வேண்டும்.

விருத்தாசலம்,
கார்த்திகை மாதம், மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை.